பனி குடித்த அவரை

"குளுருல வந்திருக்க, அடுப்பாண்ட குந்து மா" என்று பலகையைத் தள்ளிப் போட்டுவிட்டு ஆயா தன் வேலைக்குத் திரும்பினார். எதிரே அகலமான குண்டானில் ராத்திரியே தண்ணீரில் ஊறப் போட்ட அவரை விதைகள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு விதை; அடிப்பக்கமாக லேசாக ஓர் அழுத்து. தோல் விரலிலேயே நிற்க, உள்ளிருந்த பருப்பு வழுக்கிக்கொண்டு போய்த் தட்டில் விழுகிறது. இளம்பச்சை நிறம், ஈரப் பளபளப்பு. கண் அடுப்பில் இருக்கிறது, வாய் மருமகளிடம் ஏதோ சொல்கிறது, விரல்கள் மட்டும் நிற்கவே இல்லை. நானும் ஒரு கை அள்ளி உட்கார்ந்தேன். எனக்குப் பாதி விதைகள் நசுங்கின. "மூக்குப் பக்கம் அழுத்தாத, பின்பக்கம் அழுத்து" என்றார். விதைக்கு மூக்கு எது, பின்பக்கம் எது என்று பிடிபடவே அரை மணி நேரம் ஆனது.

இதற்குப் பெயர் பிதுக்குப் பருப்பு. மார்கழியிலும் தை முதல் பாதியிலும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து வீடுகளில் இந்தக் குழம்பு கொதிக்காத நாள் குறைவு.

நான் போயிருந்தது தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூர். ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் விடியலில் எதிரே வரும் ஆளின் முகம் பத்தடிக்குள் வந்தால்தான் தெரியும். அந்தக் குடும்பத்துக்கு இரண்டே கால் ஏக்கர் மானாவாரிக் கொல்லை, இரண்டு மாடு, ஒரு கன்று, கொஞ்சம் கோழிகள். ஆயா எழுபதைத் தாண்டியவர். மகன், மருமகள், மூன்று பிள்ளைகளோடு சேர்த்து ஆறு வாய். கிணறு இல்லை. ஆழ்துளைக் கிணறு போட்டுப் பார்த்துக் கடன்தான் மிஞ்சியது என்று மகன் சொன்னார். வானம் கொடுப்பதை வைத்து வருஷத்தை ஓட்டுகிறார்கள். எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான் நான் போனேன்.

கொல்லைக்குள் இறங்கியதும் ஓரளவு புரிந்தது. கேழ்வரகு அறுத்து முடிந்து தாள் மட்டும் நின்றது. ஊர்ப் பேச்சில் அது கேவுரு. அந்தத் தாளுக்கு நடுநடுவே எட்டுப் பத்துச் சாலுக்கு ஒரு சால் அவரை, பூவும் காயுமாகப் படர்ந்து கிடந்தது. ஓரத்தில் துவரை. அதற்கும் வெளியே வேலி போல ஆமணக்கு. வரப்பில் கடுகும் புளிச்சக்கீரையும். கர்நாடக எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இப்படிக் கலந்து விதைப்பதை 'அக்கடி' என்கிறார்கள். ஆடியில் எல்லாம் ஒரே நாளில் மண்ணுக்குள் போகின்றன. வெளியே வருவது அதனதன் நாளில். கேவுரு கார்த்திகையில் அறுவடைக்கு வந்து இடத்தைக் காலி செய்யும். அதுவரை அதன் நிழலில் அடங்கிக் கிடந்த அவரை அதற்குப் பிறகு கை கால் நீட்டும். துவரை தை கடந்து வரும். மழை ஒன்றைக் கைவிட்டால் இன்னொன்றாவது நிற்கும். தள்ளி இன்னொரு துண்டில் புரட்டாசி கடைசியில் விதைத்த கொள்ளு, மழை நின்ற பிறகும் மண்ணில் மிச்சமிருந்த ஈரத்தையும் பனியையும் வைத்துக்கொண்டு காய்த்துக் கிடந்தது.

அவரை விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாட்டு அவரையை ஆனியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் அது பூப்பது பகல் பொழுது குறுகிய பிறகுதான். இரவு நீளும்போது பூக்கும் செடி அது. ஆயாவுக்கு இதைச் சொல்ல வேறு வார்த்தை இருக்கிறது: "பனி குடிச்சாத்தான் அது வாயத் தொறக்கும்." பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எந்தப் பருவத்திலும் காய்க்கும் ரகங்களைப் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் ஹெப்பாள் அவரை என்ற பெயரில் கொண்டு வந்திருக்கிறது. சந்தைக்குப் பயிர் செய்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆயாவின் கொல்லையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் வாசனை. நாட்டு அவரைக் காயின் தோலில் எண்ணெய்ப் பசை உண்டு. பறித்த கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த மணம் போகாது. பனி இறங்க இறங்க மணமும் ஏறும் என்கிறார்கள். நான் ஊர் திரும்பிய பிறகும் என் பையில் அந்த வாசனை இருந்தது.

காயைப் பறிப்பது பனி ஈரம் காயாத காலையில். உரிப்பது வெயில் ஏறிய பிறகு, திண்ணையில். பத்துக் கிலோ காய் உரித்தால் நாலு கிலோ விதை தேறுவதே பெரிது என்றார் மருமகள். அதை ஊறவைத்துப் பிதுக்கினால் இன்னும் குறையும். உரித்த தோல் மாட்டுக்கு. பிதுக்கிய தோலும் மாட்டுக்கு. ஊறவைத்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுகிறார்கள். அதைக் குழம்பில் சேர்ப்பதில்லை. எதை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது போலவே எதைக் கொட்ட வேண்டும் என்பதும் அந்தச் சமையலறைக்குத் தெரிந்திருக்கிறது. ஆயாவின் கைகளைக் கிட்டத்தில் பார்த்தேன். பசை படிந்து விரல் நுனிகள் கறுத்திருந்தன. குளிரிலும் ஈரத்திலும் கட்டை விரலின் ஓரம் வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பு தெரிந்தது. வேலை முடிந்ததும் ஆமணக்கெண்ணெயைத் தொட்டு அங்கே தடவிக்கொண்டார். அந்த எண்ணெயும் வீட்டில் எடுத்ததுதான்: விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதப்பதை வழித்து எடுத்தது.

இப்படிச் சாப்பிடுவதைச் சிக்கனம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. காசு செலவாகாத இடத்தில் நேரம் செலவாகிறது, விரல் செலவாகிறது. அதுவும் பெரும்பாலும் பெண்களின் விரல். அந்த வீட்டில் மருமகள் எழுந்தது நாலரை மணிக்கு. அவர் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்தபோது இரவு ஒன்பதரை. அந்தக் கணக்கு எந்த விலையிலும் ஏறுவதில்லை.

மத்தியானம் களி. அதை ஆயா யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கொதிக்கும் தண்ணீரில் முதலில் ஒரு கைப்பிடி நொய். அது வெந்து மலர்ந்ததும் கேவுரு மாவைக் குவியலாக நடுவில் கொட்டினார், கிண்டவில்லை. துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி. அந்தக் குழி வழியாகத் தண்ணீர் கொப்பளித்து மேலே வந்து மாவைச் சுற்றிலும் நனைத்தது. விறகை இழுத்துத் தணலை மட்டும் விட்டு, அப்படியே கொஞ்ச நேரம். அப்புறம் குண்டானைக் கீழே இறக்கி, கவட்டைக் குச்சியால் வாயைப் பிடித்து, குச்சியின் இரு நுனிகளையும் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டார். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்ட ஆரம்பித்தபோது, இவ்வளவு நேரம் மெல்லப் பேசிக்கொண்டிருந்த அந்த உடம்பில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை. தோள், இடுப்பு, கால் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு துடுப்பில் இறங்கின. நனைத்த விரலால் களியைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. ஈரத் தட்டில் கவிழ்த்து, கையைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து உருட்டினார். ஒரு கட்டி கிடையாது.

களியை மெல்லக் கூடாது. கிள்ளி, குழம்பில் புரட்டி, விழுங்க வேண்டும். பிதுக்குப் பருப்பு வாயில் வெண்ணெய் போலக் கரைந்தது. சாப்பிட்டுக்கொண்டே, தட்டில் இருந்தவற்றில் கடையில் வாங்கியது எது என்று கேட்டேன். மருமகள் விரல் விட்டார்: உப்பு, தேங்காய், தாளித்த எண்ணெய், களிக்குப் போட்ட ரேஷன் அரிசி நொய். மிச்சமெல்லாம் இந்தக் கொல்லை: கேவுரு, அவரை, மல்லி, மிளகாய், பூண்டு, கடுகு. மிஞ்சிய இரண்டு உருண்டைகள் தண்ணீருக்குள் போயின. மறுநாள் காலையில் அது மோர் சேர்த்துக் கரைத்த கூழ்.

மழைக்காலத்தில் கதை வேறு. அப்போது கேவுருக் கொல்லையில் களையாக முளைக்கும் பண்ணைக்கீரையும் குமுட்டிக்கீரையும்தான் குழம்பு. "களை எடுக்கப் போனா மத்தியானக் குழம்பு மடியிலயே வந்துடும்" என்றார் ஆயா. பனி வந்தால் கீரை ஓயும், அவரை ஏறும். கூரை மேல் ஐந்தாறு பூசணிகள் பங்குனிக்காகக் காத்துக் கிடந்தன.

அறுத்த கேவுரு கதிரும் தாளுமாகப் போராக நின்றது. உடனே அடிப்பதில்லை. போருக்குள் இருந்து பதமானால் மணி சுலபமாக உதிரும் என்கிறார்கள். தையில் களத்தைச் சாணி போட்டு மெழுகி, கதிரைப் பரப்பி, மாடு கட்டிக் கல்லுருளை ஓட்டுவார்கள். கல்லுருளை இல்லாதவர்கள் தார்ச் சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறிப் போக விட்டுவிடுகிறார்கள். வரும் வழியில் அப்படி இரண்டு இடங்களைப் பார்த்தேன். தாளில் ஒரு துரும்பு வீணாகாது. கோடை முழுக்க மாட்டுக்கு அதுதான்.

வாசலில் ஒரு கல் பலகை மண்ணோடு மண்ணாகப் பதிந்திருந்தது. அதன் கீழே பழைய கேவுருக் குழி என்றார் மகன். கழுத்து குறுகி, வயிறு அகன்று, ஆள் இறங்கி நிற்கும் ஆழம். மூட்டையும் பிளாஸ்டிக் டிரம்மும் வந்த பிறகு அதைத் திறக்கவில்லை. மணி மிகச் சிறியது, நெருங்கிக் கிடக்கும், வண்டு சுலபத்தில் அண்டாது. அதனால் குழியில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஆயாவுக்குக் குழி திறந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கின்றன. திறந்ததும் யாரும் இறங்கக் கூடாது. ஒரு பகல் காற்றாட விட வேண்டும். பிறகு கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே இறக்குவார்களாம். விளக்கு அணைந்தால் இன்னும் ஒரு நாள். "வெளக்கு நின்னாத்தான் ஆளு எறங்கணும். சோத்துக்காவ உசுரு போவக் கூடாது இல்ல?"

மகனிடம் இந்த வருஷக் கணக்கைக் கேட்டேன். ஆறு பேருக்கு ஒரு வேளைக் களி என்றால் நாளைக்கு ஒன்றரைக் கிலோ மாவு. வருஷத்துக்கு ஐந்தரைக் குவிண்டால். அது வீட்டுக்கு. விதைக்கு நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கியது தனி. அதற்கு மேல் இருந்தால்தான் விற்பனை. 2024-25 பருவத்துக்குக் கேழ்வரகின் ஆதார விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய்; அதே பருவத்தில் சாதாரண நெல்லுக்கு 2,300. 2023-இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவைக் குறைத்துக்கொண்டு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இந்த மண்ணின் தானியத்துக்கு இத்தனை வருஷம் கழித்தாவது ஒரு மரியாதை வந்திருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் விலை ஏறியதும் வீட்டுக்கு வைத்ததையும் விற்றுவிட்டு ரேஷன் அரிசியில் வயிற்றைக் கழுவுகிற வீடுகளும் அந்த ஊரில் இருக்கின்றன. கடன் கழுத்தைப் பிடிக்கும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த வீட்டில் ஆயா விடுவதில்லை. "வூட்டு மூட்டைய எண்ணிட்டு மிச்சத்தப் பேசு" என்பது அவர் சட்டம்.

பொழுது சாய்ந்ததும் மகன் கம்பளியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கொல்லைக் காவல் பரணுக்குக் கிளம்பினார். தூக்குப் போசியில் களியும் குழம்பும். குளிர்காலம் என்றால் இங்கே யானைக்காலமும்தான். ஒவ்வோர் ஆண்டும் மழை ஓயும் சமயத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, ஓசூர்க் காடுகளுக்குள் வருகின்றன. கேவுரு கதிர் பிடிக்கும் நேரத்தை அவை அறிந்து வைத்திருக்கின்றன. அறுத்துப் போர் போட்ட பிறகும் ஆபத்து தீராது. இரவு இரண்டு மணி வாக்கில் கிழக்கே எங்கோ தகரம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு கொல்லையில். பிறகு எங்கள் பக்கத்துப் பரணிலிருந்து. ஆயா இருட்டில் எழுந்து உட்கார்ந்து, சத்தம் எந்தத் திசைக்கு நகர்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். "தள்ளிப் போயிடுச்சு, படு மா" என்று அவர் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது. வீட்டுக்கு வைத்த ஐந்தரைக் குவிண்டால் அடித்து மூட்டை கட்டும்வரை அந்தப் போரில்தான் நிற்கிறது.

மறுநாள் விடியலில் நானும் மருமகளும் ஒரே பேருந்தில் தேன்கனிக்கோட்டைக்குப் போனோம். அவர் மடியில் ஈரத் துணி சுற்றிய தூக்கு; முந்தின நாள் இரண்டு பெண்கள் பிதுக்கிய பருப்பில் வீட்டுக்கு எடுத்தது போக மூன்று கிலோ. வியாபாரி மூடியைத் திறந்து ஒரு பருப்பை நசுக்கிப் பார்த்தார். நல்ல பருப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மருமகள் சொன்னதற்குக் கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைத்துக் கேட்டார். பெங்களூருக்கு ஏற்ற வேண்டும், சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், இந்த நேரத்தில் வேறு யார் வாங்குவார்கள் என்று காரணங்களை அடுக்கினார். அவர் சொன்ன காரணங்களில் பொய் இல்லை.

மருமகள் குரலை உயர்த்தவில்லை. தூக்கின் மூடியைத் திருப்பி அழுத்தினார்.

"கட்டலைன்னா வுடுங்கண்ணா. வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். நாங்க துன்னுவோம்."

பேருந்து நிறுத்தம் வரை நடந்திருப்போம். பின்னாலிருந்து அந்த அண்ணன் கூப்பிட்டார்.