வேலைக்குச் செல்ல எத்தனை உடுப்பு வேண்டும்?

அல்ஹம்துலில்லாஹ், எங்கள் வீட்டில் அக்காவும் தங்கையுமாக இருவர் வேலைக்குச் செல்கிறோம். மூத்தவள் பள்ளி ஆசிரியை. இளையவளுக்கு ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. இந்த இரண்டாவது வேலை கைநழுவிப் போயிருக்கும். காரணம் படிப்பும் அன்று, அத்தாவின் மறுப்பும் அன்று, உடுப்புதான். நேர்காணலுக்கு வந்திருந்த பெண்களைக் கண்டு திரும்பியவள், வெளுத்த ஒரே அபாயாவோடு அவர்கள் நடுவே நாள்தோறும் எப்படி அமர்வது என்று மருகினாள். போகவே வேண்டாம் என்றாள். முதற்சம்பளம் வர ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அம்மாவின் சீட்டுப் பணத்தில் 5,000 ரூபாய் மட்டும் கையில் இருந்தது.

ஆயத்த அபாயாக்களை முதலில் பார்த்தோம். கல் பதித்த கைகளும் சரிகைக் கரையும் கல்யாண வீட்டுக்குப் பொருந்தும். நாற்காலியின் கையில் உரசி நான்கு கற்கள் உதிர்ந்துவிட்டால் அந்த உடுப்பைச் சீர்செய்ய வழியில்லை. ஆகவே துணி எடுத்துத் தைப்பதென்று முடிவு செய்து, திங்கள் இரவு கூடும் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்கு அம்மாவோடு போனோம்.

அம்மா துணி பார்க்கும் விதமே தனி. ஒரு முனையைக் கைக்குள் கசக்கிப் பிடித்து விடுவார். சுருக்கம் தானாக விரிகிறதா என்று கவனிப்பார். பிறகு விளக்கொளியில் விரித்து, மறுபுறம் கை தெரிகிறதா என்று பார்ப்பார். இரண்டிலும் தேறிய பருத்திக் கலப்புத் துணியில் கருநீலமும் சாம்பலுமாக ஏழு மீட்டர் எடுத்தோம், 1,050 ரூபாய். கறுப்பு வேண்டாம் என்றவள் மூத்தவள். சாக்பீஸ் தூசி கறுப்பில் படிந்தால் மாலைவரை போகாது என்பது அவளுடைய அனுபவம். சாம்பல் அபாயா இருவருக்கும் பொது.

துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே தையற்கார அக்காவிடம் கொடுத்தோம். சுருங்குவது தைக்கும் முன்பே சுருங்கிவிட வேண்டும் அல்லவா! இரண்டுக்கும் தையற்கூலி 700. அவரிடம் வற்புறுத்திக் கேட்டது கைப்பகுதியைத்தான். கடையில் கிடைப்பவற்றில் கை மணிக்கட்டில் இறுகியிருக்கும், அல்லது அகன்று தொங்கும். இறுகியதை லுஹருக்கு ஒளு செய்யும்போது முழங்கைக்கு மேல் ஏற்ற முடியாது. தொங்குவது குழாய் நீரில் நனைந்து, அன்று முழுதும் ஈரக் கையோடு கோப்புகளைத் தொட வைக்கும். மணிக்கட்டில் இரண்டு பொத்தான் வைத்துத் திறப்பு விட்டதில் அந்தத் தொல்லை தீர்ந்தது. பேருந்துப் படியில் தட்டாதபடி நீளத்தைக் கணுக்காலோடு நிறுத்தி, இரண்டு அங்குலத்தை உள்ளே மடித்து வைத்தோம். ஒரு பையும் உண்டு. பெண்களின் உடுப்பில் பை வைப்பதை ஏன் எல்லோரும் மறந்துபோகிறார்களோ தெரியவில்லை.

தலைத்துணி நான்கு, 480 ரூபாய். எல்லாம் ஒற்றை நிறம். எந்த அபாயாவோடும் சேரும். காண்பவர் கண்ணுக்கு உடுப்பு மாறியதாகத் தோன்றுவது பெரும்பாலும் இந்தத் தலைத்துணி மாறுவதால்தான். எளிதில் கழற்றி மாட்டும் தோல் காலணிக்கு 900 ஆயிற்று. இதில் மட்டும் பேரம் பேசவில்லை, மலிவானதைத் தேடவுமில்லை. மீதி 1,870 ரூபாய் முதற்சம்பளம்வரை பேருந்துக்கும் மதிய உணவுக்கும் போயிற்று.

மூன்றாம் வாரத்தில் அலுவலகத்தில் ஒருவர், "இதே டிரஸ்தான் போட்டு வர்றீங்களா?" என்று கேட்டாராம். "துவைச்சுப் போட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கணக்கில் தலையைக் குனிந்துகொண்டாள் இளையவள். அன்றிரவு எங்களிடம் சொல்லும்போது குரல் சற்றுத் தழுதழுத்தது. ஆயினும் மறுநாள் அதே கருநீல அபாயாவில்தான் கிளம்பினாள்.

மாறியது பெருநாள் உடுப்பும்தான். முன்பெல்லாம் ஜிகினா வேலை செய்ததை எடுத்து, ஒருநாள் உடுத்திப் பெட்டியில் வைத்துவிடுவோம். வீண் விரயத்தைப் பற்றி எவ்வளவோ பயான் கேட்டிருக்கிறோம். எங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் இத்தனை காலம் ஆயிற்று. சென்ற நோன்புப் பெருநாளுக்கு இருவரும் கரும்பச்சையில் வேலைப்பாடற்ற துணி எடுத்தோம். அடுத்த வாரமே அது வேலைக்கும் வந்தது. அம்மாவுக்கு இதில் இன்னும் மனக்குறைதான். பெருநாள் உடுப்பென்றால் கொஞ்சமாவது மின்ன வேண்டாமா என்கிறார்.