தண்ணீர் கலந்த பால், உடைந்த மட்டை, 254 போட்டிகள்... ராணி ராம்பால் கதை!

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் காலேஜ் நேரத்துக் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதில் ஒரு பெண் ஹாக்கி மட்டையோடு ஸ்ரீரங்கம் பஸ்ஸிலிருந்து இறங்கினால், "இதை ஆடி என்னம்மா கிடைக்கும்?" என்று யாராவது ஓர் அக்கா கேட்டுவிடுவார். கேலியில்லை, அக்கறைதான்!

ஹரியானாவின் ஷாஹாபாத்தில் ராணி ராம்பால் வீட்டிலும் இதே கேள்விதான். அப்பா வண்டி இழுப்பவர், ஒருநாள் வருமானம் 80 ரூபாய். அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். வீட்டில் கடிகாரம்கூடக் கிடையாது. வானத்தைப் பார்த்து நேரம் கணித்து, மகளைப் பயிற்சிக்கு எழுப்புவார் அம்மா. அகாடமிக்குத் தினமும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும். வாங்க முடிந்ததோ 200 மில்லி. மீதிக்குத் தண்ணீரைக் கலந்துகொண்டார் ராணி. முதலில் கையில் எடுத்தது மைதானத்தில் கிடந்த உடைந்த மட்டை. ஓடியது சல்வார் கமீஸில். குட்டைப் பாவாடை போட்டுக்கொண்டு ஆடுவதா என்று உறவினர்கள் முணுமுணுத்தார்கள்.

14 வயதில் இந்திய சீனியர் அணி. 2010 உலகக் கோப்பையில், 15 வயதில் 7 கோல்கள்!

2019 நவம்பர், புவனேஸ்வர். ஒலிம்பிக் தகுதிச் சுற்று. முதல் ஆட்டத்தில் அமெரிக்காவை 5-1 என வென்ற இந்தியா, மறுநாள் இடைவேளைக்குள் 4 கோல்களை வாங்கிவிட்டது. மொத்தக் கணக்கு 5-5. டோக்கியோ கைநழுவும் நிலை. 48-வது நிமிடத்தில் கேப்டன் ராணி அடித்தார் பாருங்கள் ஒரு கோல்... 6-5!

டோக்கியோவில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. பிறகு எழுந்து, காலிறுதியில் ஆஸ்திரேலியாவையே வீழ்த்தினார்கள். வெண்கலம் மட்டும் பிரிட்டனிடம் 3-4 என நழுவியது. ஆனாலும், ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கியில் இந்தியா அரையிறுதிக்குப் போனது அதுவே முதல்முறை.

சரி, என்ன கிடைத்தது? 2017-ல் பெற்றோருக்குச் சொந்த வீடு. 2020-ல் பத்மஸ்ரீ, கேல் ரத்னா. கூடவே காயங்களும் கிடைத்தன. 2022 உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இல்லை. டோக்கியோ வரை அழைத்துப்போன கேப்டனுக்கு அது கசப்பான வருடமாகத்தான் இருந்திருக்கும்.

2024 அக்டோபர் 24-ல் ஓய்வை அறிவித்தார். 254 போட்டிகள், 120 கோல்கள். அவர் அணிந்த 28-ம் எண் ஜெர்ஸி இனி சீனியர் அணியில் யாருக்கும் இல்லை என்றது ஹாக்கி இந்தியா. அதற்கு முந்தைய வருடமே, சப்-ஜூனியர் சிறுமிகளுக்குப் பயிற்சியாளராக மைதானத்துக்கு வந்துவிட்டிருந்தார் ராணி.