வீட்டுக்கு முன்னால் கொட்டகை

மாமல்லபுரம் சாலையில் போகும்போது பார்த்திருப்பீர்கள். யாராவது வீடு கட்ட ஆரம்பித்தால் முதலில் மனையின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை எழும்பும். சிமெண்ட் மூட்டை, கம்பி, வாட்ச்மேன் கட்டில் எல்லாம் அதற்குள்தான். வீடு முடிந்ததும் பிரித்துவிடுவார்கள்.

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டரிலும் இதுவே நடக்கிறது. லினக்ஸின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் பங்கு எழுதும் கணக்குப் புத்தகத்துக்கே நினைவகம் வேண்டுமே! அதனால் முதலில் 'மெம்பிளாக்' என்ற எளிய குறிப்பை வைத்துக்கொள்ளும். எங்கே நினைவகம் இருக்கிறது, அதில் எது எடுத்தாயிற்று, அவ்வளவுதான். முறையான கணக்கு தயாரானதும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும். தொடக்கத்துக்கு மட்டும் தேவைப்பட்ட பகுதிகளையும் விடுவித்துவிடும். கொட்டகை பிரித்தாயிற்று!

2018-ல் சென்னை ஐஐடியின் 'சக்தி' செயலியில் லினக்ஸ் ஓடியபோதும் முதல் அடி இப்படித்தான்.

இந்தக் கொட்டகைக்கு இடம் போதாவிட்டால்? அதையும் பார்த்தேன். பக்கத்துக் குப்பத்தில் பிள்ளைகளுக்காக நாங்கள் சிலர் நடத்தும் மாலை வகுப்பில் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். நினைவகம் 256 எம்பி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பாதியிலேயே நின்றுவிட்டது. பார்த்த மெக்கானிக், "காயலான் கடைக்குப் போடுங்க சார்" என்றார். புதிது வாங்கப் பணமில்லை.

காரணம் இதுதான். கெர்னலோடு டிரைவர்கள் அடங்கிய ஒரு சுருக்கிய மூட்டையும் நினைவகத்தில் ஏறுகிறது. பிரிக்கும் நேரத்தில் சுருக்கியதும் பிரித்ததும் இரண்டும் சேர்ந்து இடம் கேட்கும். ஓடுவதற்குப் போதுமான நினைவகம், எழுவதற்குப் போதவில்லை. எல்லா வகை கம்ப்யூட்டருக்குமான டிரைவர்களையும் வைத்துக் கட்டியதால் புது மூட்டை பெருத்துவிட்டது.

தொடக்க மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தோம், எழுந்தது. பிறகு அமைப்புக் கோப்பில் 'மாட்யூல்ஸ்' என்ற வரியில் 'மோஸ்ட்' என்றிருந்ததை 'டெப்' என்று மாற்றி, அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் வைத்து மூட்டையைத் திரும்பக் கட்டினோம். ஒரு பைசா செலவில்லை. மறுநாள் மாலை பிள்ளைகள் வழக்கம்போல் தமிழ் டைப்பிங் பழகினார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய லினக்ஸ் மெஷின் எழாமல் கிடந்தால், எடைக்குப் போடுமுன் அந்த மெனுவை ஒருமுறை பாருங்கள்.