கசப்பின் பங்கு

சுவைகள் ஆறு என வகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் கசப்புக்கு மட்டும் பந்தியில் வரவேற்புக் குறைவு. இனிப்பை விரும்பிக் கேட்கிறோம். புளிப்பையும் உறைப்பையும் அளவறிந்து ஏற்கிறோம். கசப்பையோ மருந்தென்று சொல்லி ஒதுக்குகிறோம். ஆயினும், இல்லாமையை அறிந்த அடுக்களைகளில் கசப்புக்கென ஓர் இடம் உண்டு. தொண்டியில் வளர்ந்த எங்களுக்கு அவ்விடத்தைக் காட்டியது, முருங்கைக்கீரையும் கருவாடும் சேர்ந்த ஓர் எளிய வதக்கல்.

கடற்கரையிலும் எல்லா நாளும் மீன் கிடைப்பதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடை வலுத்தால் படகுகள் கரையேறிவிடும். இப்போதோ ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள், மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு விசைப்படகுகளுக்குத் தடையும் உண்டு. இத்தகைய நாள்களுக்கென்றே உப்பும் வெயிலும் உணவைக் காத்து வைக்கின்றன. மாவட்டத்தின் உட்பகுதிகளில் ஆட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து உலர்த்தி, உப்புக்கண்டம் ஆக்குவர். எங்களுக்கு நெத்திலிக் கருவாடு, கொல்லையில் முருங்கை.

செய்முறை சிறிது. கருவாட்டின் தலையைக் கிள்ளி, மணல் நீங்க வெந்நீரில் இருமுறை அலச வேண்டும். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வற்றல் மிளகாய், தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம், பிறகு கருவாடு. அது மொறுமொறுத்து மணக்கும்போது கீரையை இட்டு நீர் தெளிக்க வேண்டும். மூடினாலும் ஓயாமல் கிளறினாலும் கீரை கசக்கும் என்பார் அம்மா. எப்படிச் செய்தாலும், முற்றிய இலையில் சிறு கசப்பு எஞ்சவே செய்யும். உப்பைத் தனியே இடத் தேவையில்லை. கருவாட்டில் இருப்பதே போதும். உப்புக்குக் கசப்பை அடக்கும் இயல்பு உண்டு. அதனால்தான் ஒரு கைப்பிடிக் கருவாடு ஒரு சட்டிக் கீரையை உண்ணத்தக்கதாக்குகிறது.

உரோமையில் பயின்று திரும்பிய அருட்தந்தை ஒருவர் ஒருமுறை எங்கள் இல்லத்தில் இதை உண்டார். "தென் இத்தாலியிலும் இப்படித்தானே செய்கிறார்கள்!" என வியந்தார். அங்கே கருவாட்டுக்குப் பதில், பன்றியிறைச்சியைக் கொத்தி உப்பும் சோம்பும் சேர்த்துக் குடலில் அடைத்த சாசேஜ். முருங்கைக்குப் பதில், கடுகினத்தைச் சேர்ந்த கசப்புக் கீரை. 1880 முதல் 1920 வரையான காலத்தில் நாற்பது இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் தென்பகுதியின் ஏழை உழவர்கள். ஒரே சட்டியில் வதங்கும் இவ்வுணவும் அவர்களோடு கடல் கடந்தது. சிறிதளவு இறைச்சியைக் கீரையால் பெருக்கும் கணக்கை வறுமை எங்கும் ஒன்றாகவே கற்பித்திருக்கிறது.

இன்னும் பழமையான பந்தி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரத்தில், பாஸ்கா இரவில் நெருப்பில் வாட்டிய ஆட்டிறைச்சியோடு கசப்புக் கீரையும் உண்ணப் பணிக்கப்படுகிறது. அடிமைத்தனம் நீங்கிய பின்னும் அம்மக்கள் அக்கீரையைப் பந்தியிலிருந்து அகற்றவில்லை. பட்டதை மறவாதிருப்பதும் விடுதலையின் ஒரு பகுதி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

எங்கள் பந்தியிலும் ஒரு மறவாமை உண்டு. அம்மா பரிமாறும்போது கரண்டி சட்டிக்குள் கருவாட்டைத் தேடும். கிடைத்தவை எங்கள் தட்டுகளுக்கு வரும். இறுதியில் அமரும் அவருக்கு எஞ்சியது கீரை. "எனக்குக் கீரைதான் பிடிக்கும்" என்பார். நாங்கள் அதை நம்பினோம். பிள்ளைகள் நம்பவேண்டும் என்பதற்காகவே சொல்லப்பட்ட சொல் அது. எங்கள் வீடுகளில் நாங்களே கரண்டி பிடித்த பிறகுதான் அதன் பொருள் விளங்கிற்று. அதே சொல் எங்கள் வாயிலும் தானாக வந்தது.

கசப்பை முழுதும் நீக்கிவிடும் சமையல் உலகில் இல்லை. அது யாருடைய தட்டில் விழுகிறது என்பதில்தான் வேறுபாடு. உண்ண அமரும்போது நம் தட்டைப் பார்ப்பது இயல்பு. பரிமாறியவரின் தட்டையும் ஒருமுறை பார்ப்பது நன்றியின் தொடக்கம். அங்கே கீரை மட்டும் இருக்குமாயின், நம் பங்கிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து வைக்க இன்னும் நேரம் இருக்கிறது.