தைத்ததும் வாங்கியதும்

அளவு கொடுத்துச் சட்டை தைத்துக் கொள்வதா, கடையில் தொங்குவதை வாங்கி மாட்டிக் கொள்வதா என்ற வழக்கு நம் வீடுகளில் எப்போதோ தீர்ந்துவிட்டது. தையற்காரர் தோற்றார். ஆனால் ஸ்தாபனங்களில் அது இன்னும் நடந்து கொண்டிருக்கிறது. சட்டைக்குப் பதில் மென்பொருள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

புதுச்சேரி கதிர்காமத்தில், இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் எங்கள் வாசகசாலை இருக்கிறது. 1827-ல் தோன்றிய ரொமேன் ரோலன் நூலகத்தின் பெருமையெல்லாம் அதற்குக் கிடையாது. ஒரு மாடி, பதினோராயிரம் புத்தகங்கள். அவற்றில் ஓர் அலமாரி பிரெஞ்சு. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்தச் சொல்தாக்கள் காலமான பின், வீட்டார் மூட்டையாகக் கொண்டு வந்து கொடுத்தவை அவை.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பையன் எங்களுக்கென்றே ஒரு புரோகிராம் எழுதித் தந்தான். அழகாகத்தான் இருந்தது. பிறகு அவன் துபாய்க்குப் போனான். பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. மூவாயிரம் புத்தகங்களின் விவரம் அதற்குள்ளேயே சமாதி ஆயிற்று. இப்போது இன்னொரு பையன், அங்கத்தினர் ஒருவரின் பேரன், புதிதாக எழுதித் தருகிறேன் என்று வந்தான். காரியதரிசிக்குச் சம்மதந்தான்.

"அய்யா, மாடி ஏற முடியாத கிழவிக்கு வாராவாரம் சைக்கிளிலே புத்தகம் அனுப்புற லைப்ரரி உலகத்திலே வேறே எங்கேயாவது இருக்குதா? நம்ம வழக்கம் தனி. கடைச் சட்டை நமக்குப் பத்தாது" என்றார் என்னிடம்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ரயில்வேக்காரர்கள் 1985-ல் டில்லியில் டிக்கெட் ரிசர்வேஷனைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, சி.எம்.சி. கம்பெனியார் அதைத் தனியாகத்தான் எழுதினார்கள். கோட்டா, கன்செஷன், வெயிட்டிங் லிஸ்ட் என்று அத்தனை கோணல் உள்ள உடம்புக்குக் கடைச் சட்டை எப்படிப் பொருந்தும்? ஆனால் எங்கள் வாசகசாலை ரயில்வே அல்லவே.

கடையில் இருந்தவற்றைப் பார்த்தோம். காந்திநகர் இன்ஃப்ளிப்நெட்டாரின் 'சோல்' பல்கலைக்கழகங்களுக்காகச் செய்தது. எங்களுக்குத் தொளதொளவென்று இருந்தது. தேசியத் தகவலியல் மையத்தின் 'இ-கிரந்தாலயா' சர்க்கார் வாடை வீசுகிறது என்று காரியதரிசி ஒதுக்கிவிட்டார். மூன்றாவது 'கோஹா'. அதன் பிறப்பைச் சொல்ல வேண்டும்.

நியூஸிலாந்தில் ஹோரோவெனுவா என்றொரு வட்டாரம். அங்கிருந்த சின்ன நூலகங்களின் கம்ப்யூட்டர் ஏற்பாடு 2000-ம் வருஷத்தைத் தாண்டாது என்று தெரிந்தது. கடையில் விற்றவை எவையும் அவர்களுக்குத் தோதுப்படவில்லை. ஆகவே 1999-ல் காட்டிப்போ என்ற கம்பெனியாரிடம் அளவு கொடுத்துத் தைக்கச் சொன்னார்கள். 2000 ஜனவரி 3-ந் தேதி அது வேலை செய்யத் தொடங்கியது. பிறகு, காசு கொடுத்துத் தைத்த அதையே யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம், பிரித்துத் தைக்கலாம் என்று உலகத்துக்கு விட்டுவிட்டார்கள். கோஹா என்றால் மவோரி மொழியில் அன்பளிப்பு. வாங்கியவன் ஒருநாள் திருப்பிச் செய்வான் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டாம், நம் மொய் மாதிரி.

கடைச் சட்டை என்பதே யாரோ ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்ததுதான் போலிருக்கிறது. மளிகைக் கடை வரை வந்துவிட்ட 'டாலி'யும் அப்படித்தான். ஷியாம் சுந்தர் கோயங்கா தம் வியாபாரக் கணக்குக்கு ஏற்றது எதுவும் கிடைக்காமல், தம் மகன் பாரத்தை எழுதச் சொன்னதில் பிறந்தது அது. ஆகவே, தைத்ததா வாங்கியதா என்பதை விட, யாருடைய உடம்புக்குத் தைத்தது என்று பார்ப்பதே நல்லது என்று தோன்றியது. ஹோரோவெனுவாவின் உடம்பு எங்கள் உடம்பைப் போலவே சின்னது.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்தில் எங்குமே இல்லை என்று காரியதரிசி பெருமைப்பட்ட அந்தச் சைக்கிள் சேவை கோஹாவில் தயாராக இருந்தது! வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கென்று ஒரு பகுதி. புத்தகம் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், கொண்டு போய்க் கொடுப்பவர் ஒருவர் என்று கூடப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காரியதரிசிக்கு அரை மனதுச் சந்தோஷம். கிழவிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்பது அவருக்குச் சற்று ஏமாற்றமாய் இருந்ததோ என்னவோ!

இடித்தது வேறோர் இடத்தில். யாரும் நினைத்தே பார்க்காத இடத்தில். அங்கத்தினரைச் சேர்க்கும்போது கோஹா கட்டாயமாகக் கேட்பது குடும்பப் பெயரை. சொந்தப் பெயர் இல்லாவிட்டாலும் அதற்குப் பாதகமில்லை. நமக்கோ இனிஷியல்தான் உண்டு. புதுச்சேரியில் இன்னொரு சிக்கல். 1881-ம் வருஷத்து ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள். பாரிஸில் தைத்த சட்டைக்கு உடம்பைப் பொருத்திக் கொண்டவர்கள்! அவர்கள் சந்ததிக்குக் குடும்பப் பெயர் உண்டு. அடுத்த வீட்டுக்காரருக்குக் கிடையாது. இருவரும் எங்கள் அங்கத்தினர்.

பரீட்சார்த்தமாகக் கொஞ்சம் பேரை ஏற்றியபோது, உதவியாளர் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டார். தவணை கடந்த ஓர் அம்மாளுக்குக் கடிதம் போயிற்று. மேலே முதலில் நின்றது அவர் தகப்பனார் பெயர்.

"அப்பா செத்து இருபது வருஷம் ஆகுது. அவர்கிட்டயா புஸ்தகம் கேக்குறீங்க?" என்று கடிதத்தைக் கையில் பிடித்துக் கொண்டு அவர் மாடியேறி வந்தார். கோபத்தில் வந்தவருக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது.

பேரன் ஒரு மத்தியானத்தில் சரிசெய்தான். குடும்பப் பெயர் என்ற தலைப்பைப் 'பெயர்' என்று மாற்றினான். இனிஷியலுக்கென்று ஏற்கெனவே இருந்த கட்டத்தை வெளியே கொண்டு வந்தான். குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே எழுதச் சொன்னான். முழுச் சட்டையும் தைக்க வந்தவனுக்குக் கை மடித்துத் தைக்கிற வேலைதான் கிடைத்தது. அதற்கு மாதாமாதம் கூலி கொடுக்கிறோம். இலவசச் சட்டையையும் துவைத்துப் போட ஆள் வேண்டுமே.

நான் விதித்தது ஒரே நிபந்தனை. எதை எங்கே மாற்றினாலும் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். கணக்கின் நகலும் மாதம் ஒரு முறை காரியதரிசியின் பீரோவுக்குப் போக வேண்டும். பையன் முகத்தைச் சுளித்தான், எழுதினான்.

அடுத்த மாதம் அவனுக்கு பெங்களூரில் வேலை. நோட்டுப் புத்தகத்தைப் படித்துப் பார்க்க, பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் சனிக்கிழமைகளில் வந்து கொண்டிருக்கிறாள். அவன் கையெழுத்துத்தான் புரியவில்லையாம்.