800 கிலோ துரு

பழைய காரை வீட்டிலேயே பிரித்து மேய்கிற ஆசாமிக்குத் தெருவில் இரண்டு பெயர்கள் உண்டு. முகத்துக்கு நேரே, 'இன்ஜினீயர் சார்'. முதுகுக்குப் பின்னால் சொல்வதை இங்கே அச்சடிக்க முடியாது. நான் படித்ததென்னவோ பி.காம். இன்ஜினீயர் பட்டம் கொடுத்தது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

பெரியப்பாவின் வண்டி. 1966 மாடல், இரண்டே கதவு, 948 சி.சி. ஜாபர்கான்பேட்டை வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காக நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஸீட் வரை தண்ணீர். அதற்கப்புறம் யாரும் அதைக் கார் என்று சொல்வதில்லை, 'அது' என்பார்கள். இப்போது வீடு ஃப்ளாட் ஆகப் போகிறது. பில்டர் சாவி கேட்பதற்குள் 'அது' காலி செய்தாக வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் பையன்கள், "காயலான் கடைக்குப் போட்டுடுங்கப்பா" என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் வந்தார். சக்கரத்தை ஓர் உதை உதைத்தார். "கிலோ முப்பது. எடை போட்டுக் காசு!"

மொத்தம் 800 கிலோ என்று வைத்தாலும் 24,000 ரூபாய். வழியில் துரு உதிர்ந்தால் அதுவும் குறையும்.

பெரியப்பாவுக்கு 82 வயசு. ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏண்டா, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டுக் குடுக்கலாமே?" என்றார். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

ஆபீஸில், 'ஸ்போர்ட்ஸ் கார் ரெடி பண்றேன்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். முழுப் பொய் இல்லை சார்! 1959-ல் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் கொண்டுவந்த கார் ஹெரால்ட். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961 முதல் நம் வண்டலூர் பக்கமும் தயாரானது. இதே சேஸிஸைக் குட்டையாக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்று அசல் ஸ்போர்ட்ஸ் காரே விட்டார்கள். ஆக, நம்முடையது ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன். பொறுப்பு வந்துவிட்ட அண்ணன்.

கத்துக்குட்டிக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது. காரணம், ஒரு வியாபாரச் சிக்கல். பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிப் போட்டுவிட, இவர்கள் பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். மற்றதில் வெல்டிங்கை அறுக்க வேண்டிய இடத்தில் இதில் ஸ்பானர் போதும். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். டயர் மேல் சொகுசாக உட்கார்ந்துகொண்டு இன்ஜினை நோண்டலாம்.

துரு இருக்கிறதே, அது கந்துவட்டி மாதிரி. வெளியே தெரிவது வட்டி. அசல் உள்ளே இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். டிக்கித் தரையில் 'பொதுக்'கென்று இறங்கி, அந்தப் பக்கம் தரை தெரிந்தது. பெரிய ஓட்டைகள் டிங்கர் வேலை. சேஸிஸ் வெல்டிங்கையும் பிரேக்கையும் நான் தொடுவதாக இல்லை. அது தெரிந்தவர் செய்ய வேண்டியது. ஓடாத இன்ஜினால் ஆபத்தில்லை, நிற்காத காரால் உண்டு.

சின்னச் சாமான்களுக்கு ஒரு வித்தை இருக்கிறது. பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர், ஒரு கை வாஷிங் சோடா. துருப்பிடித்த சாமானுக்கு பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ், பக்கத்தில் தொங்கும் வேண்டாத இரும்புத் துண்டுக்கு பாஸிட்டிவ். (எவர்சில்வர் கூடாது, விஷமான குரோமியம் கலந்துவிடும்.) ராத்திரி பூராவும் நுரைத்து, காலையில் துரு கறுப்புச் சகதியாக நிற்கும். பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, உடனே ரெட் ஆக்ஸைடு. நுரையில் வருவது ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்; பக்கத்தில் பீடி ஆகாது. என் மனைவியின் ஆட்சேபணை வேறு. "அது குளிக்கிற பக்கெட்டுங்க!"

இன்ஜின் இறுகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றி, நாலு ஓட்டையிலும் எண்ணெய் விட்டு, பத்து நாள் ஊறவைத்து, முன் புல்லி நட்டில் நீளமான ஸ்பானர் போட்டேன். பதினோராம் நாள் ஒரு முனகல், அரை இஞ்ச் அசைவு. அந்த அரை இஞ்ச்சுக்கு நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாமி ஓடி வந்துவிட்டார்.

அப்புறம் புது பேட்டரி, பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் சுத்தம். பழைய டேங்க்கை நம்பாமல் பாட்டிலில் பெட்ரோல். பெரியப்பாவை நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ஐந்தாவது தடவை இருமி, தும்மி, நீலமாகப் புகை கக்கி... ஓடியது! பெரியப்பா புகையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. காதைச் சாய்த்து, "மூணாவது சிலிண்டர் சரியா அடிக்கலையே" என்றார். கரெக்ட்! பிளக் ஒயர் லூஸ்.

காயலான் கடைக்காரரிடம் போன் பண்ணி, வர வேண்டாம் என்று அவரே சொன்னார். வண்டி இப்போது லாரி ஏறி என் வீட்டு வாசலில் நிற்கிறது. செலவு 24,000-ஐத் தாண்டி எங்கோ போய்விட்டது. குறைந்துசெல் மதிப்பு முறையில் தேய்மானம் போட்டால் எந்தச் சொத்தும் பூஜ்யமாகாது என்று பி.காமில் படித்திருக்கிறேன். மனைவியிடம் அதைச் சொன்னேன். எடுபடவில்லை.

இனி காகிதம். 50 வருஷம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டிக்கு 2021-ல் தனி விதி வந்திருக்கிறது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து, பத்து வருஷம் செல்லும். ஆனால் தினப்படி ஓட்டக் கூடாது. பெரியப்பாவிடம் விளக்கினேன்.

"கண்காட்சிக்குப் போலாம், ராலிக்குப் போலாம், ரிப்பேருக்குப் போலாம், பெட்ரோல் போடப் போலாம். கோயிலுக்கெல்லாம் போக முடியாது பெரியப்பா."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பெட்ரோல் பங்க், வடபழநி கோயிலைத் தாண்டித்தானேடா இருக்கு?"