தியோமானுக்கு ஒரு திடீர்ப் பயணம்

வியாழக்கிழமை இரவு பேச்சுவாக்கில் முடிவானது. வெள்ளி இரவு சிங்கப்பூர் எல்லையைக் கடந்து, விடியும்போது ஜோகூரின் மெர்சிங் படகுத்துறையில் நின்றோம். அங்கே நம் அவசரம் செல்லாது. ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைவு என்பதால் ஓதம் ஏறினால்தான் படகு கிளம்பும். காத்திருந்த நேரத்தில் என் கணவரும் நானும் எவ்வளவோ பேசினோம். ஆளுக்கொரு ஷிஃப்டில் ஓடும் எங்களுக்கு வீட்டில் அது வாய்ப்பதே இல்லை.

ஒருவழியாகத் தியோமான் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே தெக்கேக் கரைக்கு எதிரே ரெங்கிஸ் என்று ஒரு குட்டித் தீவு. முகமூடி மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டால், துடுப்பு நுனி மட்டும் மை தொட்டதுபோல் கறுத்த சின்னச் சுறாக்கள் போகும். பயந்து அவர் கையைப் பிடித்தேன். அவை எங்களைச் சட்டையே செய்யவில்லை.

என் மனம் நின்றது கிழக்குக் கரை ஜுவாராவில். ஆமை முட்டைகளைப் பத்திரமாக எடுத்து, வேலியிட்ட மணலில் மறுபடி புதைத்துக் காக்கிறார்கள். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண். உலகம் சூடாவது இந்தச் சின்ன உயிரை எப்படியெல்லாம் தொடுகிறது! அவர் வெகுநேரம் அந்த வேலியை விட்டு நகரவில்லை.

சிங்கப்பூர் நண்பர்களே, போவதென்றால் நவம்பருக்குள் போய்விடுங்கள். அதன்பின் பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்று; கடல் கொந்தளிக்கும், பல விடுதிகள் மூடியிருக்கும்.